இஞ்சினுக்கு ஒரு பஞ்சுச் சட்டை

இல்லண்ணே, பொத்தான் வேணாம். வாரு வச்சுத் தைங்க, இழுத்துக் கட்டுற மாதிரி. பொத்தான்னா விரலு வேலை செய்யணும்ல? அங்க விரலு மரத்துப் போயிருமாம். ஆமா, இஞ்சினுக்குத்தான் சட்டை. ஆனா கட்டுறதும் அவுக்கிறதும் மனுசன்தானே, சின்னப்பாண்ணே.

சிரிங்க, சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். இந்த காஜா பேராங் ஊருல பாதிப் பேரு கோணிச் சாக்கக் கட்டிக்கிட்டுத் திரியுறோம், சப்பான்காரன் டீசல் இஞ்சினுக்குக் கித்தான் துணியில சட்டை தைக்கக் குடுத்து விடுறானே, உள்ள இலவம்பஞ்சு வேற அடைக்கணுமாமேன்னு. எங்க வீட்டுக்காரரு சிரிக்கல. அலமேலு, அது போற எடத்துல கடலே கட்டியாக் கெடக்குமாம்டின்னாரு. சப்பானுக்கும் வடக்கயாம். கடலு எப்படிங்க கட்டியாவும்? உப்புத் தண்ணியில்ல?

ஆங், அந்த ஓட்டை பெருசாவே இருக்கட்டும். பொகக்குழாய் வெளிய வர்ற எடம். பஞ்சு அதுல பட்டா பத்திக்கும். ஓரத்த நல்லா மடிச்சு, தள்ளி அடிங்க. இந்தப் பக்கம் காத்து உள்ள போற வழி, அதையும் மூடிறக் கூடாது. மூச்சு முட்டிரும் அதுக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா? வீட்டுல வேற பேச்சே இல்லையேண்ணே. செங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துல ரப்பர் மெஷின ஓட்டிக்கிட்டு இருந்துச்சே, அதே இஞ்சின்தான். அவருதான் அதுக்கு டிரைவரு. சப்பான்காரன் வந்து அதப் படகுல வைக்கணும்னு ஆத்து முகத்துப் பட்டறைக்குக் கொண்டு போனான்ல, அப்ப இஞ்சினோட சேத்து அவரையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க.

மொதல்ல எண்ணெய்ப் பாடு. டீசல் எங்க கெடைக்குது இப்ப? செம்பனை எண்ணெயத்தான் ஊத்தி ஓட்டுறாங்க. நம்ம வீட்டு போத்தல்லயே மழைக்கால விடியல்ல அது நெய் மாதிரி ஒறைஞ்சு நிக்குமே, பாத்திருக்கீங்கல்ல? இங்கயே அப்படின்னா அங்க? அதனால பொகக்குழாயிலேருந்து ஒரு சின்னக் குழாய் பிரிச்சு, எண்ணெய் டாங்கிய சுத்தி வளைச்சு விட்டாரு. ஓட ஓட அந்தச் சூட்டுல எண்ணெய் எளகி இருக்கும். கெளப்புறதுக்கு முன்னாடி ஊதுவெளக்க வச்சு இஞ்சின் தலைய சூடு காட்டணும். நிப்பாட்டின ஒடனே உள்ள இருக்குற தண்ணிய மொத்தமா எறக்கிறணும், இல்லாட்டி அது ஐஸாகி இரும்பப் பொளந்துருமாம். தண்ணிக்கு அவ்வளவு பலமான்னு கேட்டேன். குளுருக்குத்தான்டி பலம்னாரு.

அந்தச் சப்பான் ஆபீசரு இவர ஐஸ் ஆலைக்குக் கூட்டிட்டுப் போனது தெரியுமா? ஐஸ் அடுக்குற அறைக்குள்ள நிக்க வச்சு, கையில ஸ்பானரக் குடுத்து, ஒரு நட்ட கழட்டி மாட்டுன்னானாம். கழட்டினாராம். மாட்ட வரலயாம். நட்டு கையில இருக்கா கீழ விழுந்துருச்சான்னே தெரியலயாம். வீட்டுக்கு வந்து அந்தக் கைய என் கழுத்துல வச்சாரு. அம்மாடி, தூக்கிப் போட்டுருச்சு எனக்கு. நான் பாத்த குளுரு அவ்வளவுதாண்ணே.

இல்ல, மொதல்ல அவரு போறதா இல்ல. இஞ்சின மட்டும் சரி பண்ணிக் குடுன்னுதான் சொன்னான். நல்லாச் செஞ்சு காட்டினா பட்டறையிலயே வச்சுக்குவான்னு இவரு நெனைச்சாரு. நல்லாத்தான் செஞ்சாரு. செஞ்சதப் பாத்துட்டு அவன் முதுகுல தட்டி, நீயே கூட வந்துருன்னுட்டான். வேற யாருக்கு இவ்வளவும் தெரியும்னு கேட்டானாம்.

சொன்னேனே! ஏதாச்சும் கெடுத்து விட்டுருங்கன்னு கையப் புடிச்சுச் சொன்னேன். ஒரு பிடி மண்ணள்ளிப் போட்டா போதுமேன்னேன். அவரு கேக்கல. கெடுத்தா அடிப்பான், அடிச்சுட்டும் ஏத்துவான். நடுக்கடல்ல அது நின்னு போச்சுன்னா உள்ள இருக்கப் போறது நான்தானே அலமேலுன்னாரு. அப்புறம் நானே பஞ்சு பொறுக்கப் போனேன். புக்கிட் பாரு வரைக்கும் நடந்து, எலவங்காய் எந்த மரத்தடியில கெடந்தாலும் மடியில கட்டிக்கிட்டு வந்தேன். கொட்டை எடுத்து, தூசி எடுத்து, பாருங்க, ஒரு குப்பை இருக்கா அதுல? என் புருசனக் கொண்டு போற இஞ்சினுக்கு நானே மெத்தை அடைக்கிறேன். வேற என்னண்ணே செய்யச் சொல்றீங்க என்னை?

அவருக்கா? அவருக்கு என்ன, அரைக்கைச் சட்டைதான். ஆபீசருகிட்டக் கேட்டாராம், இஞ்சினுக்குச் சட்டை தைக்கிறாங்களே துவான், எனக்குன்னு. அங்க போனா குடுப்பாங்கன்னானாம்.

எப்ப வேணும்னா கேக்குறீங்க?

தையல நிறுத்தாதீங்கண்ணே. சரி, நிறுத்துங்க.

படகு காலையிலயே போயிருச்சு.

மரவள்ளிக் கெழங்கு அவிச்சுத் தூக்குல எடுத்துக்கிட்டு போனேன். சிப்பாய் பட்டறை வேலிக்கிட்டயே மறிச்சுட்டான். இஞ்சின் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. ஒரே தடவைதான், கொஞ்சம்கூடத் திக்கல. அவரு கீழ இஞ்சின்கிட்ட இருந்திருப்பாரு, என்னப் பாத்திருக்க முடியாது. அங்க தச்சு வேலை செய்யுற சீனன்தான் சொன்னான். இன்னும் சட்டை வரலயே துவான்னு இவரு சொன்னாராம். ஆபீசரு கன்னத்துல ஒண்ணு விட்டு ஏத்திட்டானாம். படகு உபே தீவத் தாண்டுற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்புறம் அந்தப் பொகையும் தெரியல.

வந்ததும் சொல்லணும்னுதாண்ணே நேரா இங்க வந்தேன். நீங்க இஞ்சினப் பத்திக் கேட்டீங்க. அதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரிஞ்சுது, சொல்லிக்கிட்டே உக்காந்துட்டேன். வீட்டுக்குப் போனா பூங்காவனம் வாசல்லயே நிப்பா, அப்பா எங்கம்மான்னு கேப்பா.

அதுக்கு என்ன சொல்லட்டும்?