இரண்டு தாள்களில் ஒரே கையெழுத்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, அன்பிலும் அறிவிலும் என்னை மிஞ்சிய பெரியோர்களே, வேலைக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, "என் பேச்சை எடுக்காதீங்க" என்று காலையிலேயே எச்சரித்துவிட்டு மூன்றாம் வரிசையில் முகம் திருப்பி அமர்ந்திருக்கும் என் மனைவியே, வணக்கம்.

நான் தையல்காரன். துணியை இரண்டு தடவை அளந்த பிறகே கத்தரி வைப்பவன். அப்படிப்பட்டவன், ஒரு தாளை ஒரு தடவைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற வார்டுத் தேர்தலுக்கு முன் ஒரு பெரிய மனிதர் சட்டை தைக்க வந்தார். கழுத்தளவு எடுக்கும்போதே ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு கையெழுத்து தம்பி, நம்மாளுங்க எல்லாரும் போட்டாச்சு." கடை தேடி வந்தவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வருமா? போட்டேன்.

பத்து நாள் கழித்து என் மனைவி தேர்தலில் நிற்க முன்வந்தாள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள் அவள். எந்தத் தெருவில் எந்தப் பள்ளம், எந்த விளக்கு எரியாது என்பதை அவளைவிட அறிந்தவர் யார்? முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். பத்தாவது ஆளாக நெஞ்சு நிமிர்த்திக் கையெழுத்திட்டவன் நான்.

ஒருவர் ஒருவரைத்தான் முன்மொழியலாம் என்பது விதி. நான் முன்பே போட்டது அந்தப் பெரிய மனிதரின் வேட்புமனுவில். அவள் மனுவில் ஒரு கையெழுத்துக் குறைந்தது. தள்ளுபடி! திருத்தித் தர ஒரு நாள் கேட்டோம். "விதியில இடமில்லைங்க" என்றார் அதிகாரி. பெரிய மனிதர் போட்டியின்றி வென்றார்.

சிரிக்கிறீர்களா, பின்வரிசைத் தம்பிகளே? சிரியுங்கள். அவர் தாளில் உங்களில் நான்கு பேர் கையெழுத்தும் இருந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "விடுங்க. ஒருத்தர் தப்புல ஒரு ஊரோட வாய்ப்பே போகுதுன்னா, அந்த விதியிலயும் ஏதோ தப்பு இருக்குல்ல?" என்றாள்.

ஆகவே கேட்கிறேன். வேட்பாளரைத் தேர்வது ஏன் மூடிய அறையில் நடக்க வேண்டும்? ஏன் ஊசியும் நூலுமாக நிற்பவன் கடையில் நடக்க வேண்டும்? ஊரறிய, உலகறிய, ஒரு பொது மன்றத்தில் நடக்கட்டும். முன்மொழிபவர் எழுந்து நின்று, ஏன் இவர் என்று சொல்லட்டும். பிழை நேர்ந்தால் திருத்த இரண்டு நாள் கிடைக்கட்டும். வாக்களிக்கும் உரிமை பெரிது. யாருக்கு வாக்களிக்கலாம் என்ற பட்டியலை எழுதும் உரிமை அதனினும் பெரிது!

விதி மாறும்வரை காத்திருப்பானேன்? அடுத்த தேர்தலுக்கு, மூன்றாம் வரிசையில் இருப்பவளை நான் முன்மொழிகிறேன். காரணம், சென்ற மழையில் பேருந்து நின்றபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பதினேழு பிள்ளைகளைத் தூக்கிக் கரை சேர்த்தவள். இன்னொரு காரணம், என்னையும் மன்னித்தவள். வழிமொழிபவர்கள் எழுந்து நிற்கலாம்.

முன்வரிசை அம்மா, நீங்களுமா? பின்வரிசைத் தம்பிகளே, நீங்களுமா? உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் இப்போது என்னைப் பார்க்கிறாள். நின்றபடியே என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். அனைவருக்கும் வணக்கம்.