மந்தை திரும்பும் மண்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, வாசலை அடைத்து நிற்கும் தம்பிமார்களே, உள்ளே வாருங்கள், வணக்கம்!

நம் மேய்ச்சல் நிலத்தை எரிபொருள் பயிருக்குக் கொடுப்பதா என்று இன்று கைதூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள். அதற்கு முன் என் பழைய அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருகிறேன். என்ன அண்ணே, சுருக்கமாகவா? மைக் கிடைத்து நாளாயிற்று, கொஞ்சம் பொறுங்கள்!

உலகையே மேசைமேல் விரித்து, எரிபொருள் பயிர் எங்கெங்கே விளையும் என்று கணக்குப் போட்ட அறை அது. அடடா, என்ன அறை! என்ன அரட்டை! மின்விசிறியைப் போட்டால் வரைபடம் பறக்கும். நிறுத்தினால் வியர்வை சொட்டிக் கடல் கரையும். ஒரு கண்டத்தின்மேல் டீ கிளாஸ். இன்னொன்றின்மேல் எங்கள் மேலாளர் 'கழித்தல் சாரின்' முழங்கை. வயலைக் கழிப்பார், காட்டைக் கழிப்பார், ஊரைக் கழிப்பார். எஞ்சியதற்கெல்லாம் மஞ்சள் வண்ணம், பெயர் 'மிச்சம்'. மிச்சம் பெருகப் பெருக எங்கள் மகிழ்ச்சியும் பெருகியது. எண்ணெய்க்கு எவரிடமும் கையேந்தாத உலகம் என்று மனக்கோட்டை கட்டினோம்!

ஒருநாள், வண்ணம் தீட்டும் அக்கா தூரிகையைக் கீழே வைத்தார்.

"சார், இந்த மிச்சத்துல எங்க அம்மா இருக்காங்க."

"சாட்டிலைட் படத்துல ஒரு உயிரும் தெரியலையேம்மா?"

"கோடையில எடுத்த படம் சார். ஆடுமாட்டை ஓட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருப்பாங்க. மழை விழுந்தா திரும்பிடுவாங்க. இதையும் எடுத்துட்டா எங்க திரும்புவாங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எத்தனை பேரோட அம்மாவை மஞ்சள் பூசி மறைச்சோமோ!"

மஞ்சள் பூசிய இடத்துக்கெல்லாம் ஆள் அனுப்பி விசாரித்தார். மிச்சம் சுருங்கியது. நிதி கொடுத்தவர்களின் முகமும் சுருங்கியது. அலுவலகத்தை மூடினார்கள். கடைசி நாளன்று அக்கா அழுதார்.

"எல்லாம் என்னாலதானே சார்?"

"ஆமாம்மா, உன்னாலதான். உன்னாலதான் கணக்கு சரியா வந்துச்சு."

அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

எரிபொருள் பயிர் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை! மூடிய செங்கல் சூளைக்குப் பின்னால் உப்புப் பூத்த நிலம் சும்மா கிடக்கிறதே, அங்கே நடுவோம். முதல் நாற்று என் கையால்! ஆனால் இந்தக் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நம் மேய்ச்சல் நிலத்தில் மந்தை மேய்ப்பவர் ஒருவராவது இங்கே இருக்கிறாரா? எப்படி இருப்பார்? இது கோடை! அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் நிலத்துக்குக் கை தூக்குவது முடிவா? முறையா? நியாயமா?

ஆகவே, இன்று எவரும் கை தூக்காதீர்கள். மழை வரட்டும், மந்தை வரட்டும், அவர்கள் கையையும் சேர்த்து எண்ணுவோம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வந்து கேட்க வழியில்லாமல் தொலைவில் நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.