டப்பாவுக்குள்ள விழுந்த மணி

அட, உக்காருங்க தம்பி. உங்க டோக்கனுக்கு முன்னாடி இன்னும் மூணு பேர் இருக்காங்க. கதவு திறக்குறப்பல்லாம் நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றதைப் பார்த்தா எனக்கு எங்க வேன் வைப்பர் ஞாபகம் வருது. கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்படி. ஸ்கூல் வேன் ஓட்டுறேன்ல, தினம் இருபது வாண்டுங்களோட மல்லுக்கட்டி இப்படி ஆயிடுச்சு.

பாப்பாவுக்கு ரெண்டு வயசா? என் சட்டைப் பட்டனையே முறைக்குறா பாருங்க. பிச்சுக் குடுத்துருவேன், வீட்டுல உதை விழும்.

அதோ, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான் நம்ம பொண்ணு. அஞ்சு வயசு முடியப்போகுது. காதுக்குப் பின்னாடி நீலமா தெரியுதுல்ல, அதான் காது கேக்குற மெஷின். பக்கத்துல அவங்கம்மா. டீச்சர் வாயை மறைச்சுக்கிட்டு பந்துன்னு சொல்வாங்க, இவ பந்தை எடுக்கணும். இவ பொம்மையை எடுப்பா. மறுபடி சொல்வாங்க, கரண்டியை எடுப்பா. மெஷின் மாட்டி ஏழு மாசம்தான் ஆகுது, பாவம்.

இல்ல தம்பி, சீக்கிரம் கண்டுபிடிக்கல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் எல்லாரை மாதிரியும் பண்ணிக் காட்டுவேன். எங்க ஹெட்மாஸ்டர் தும்முறது இருக்கே, ஆ... ஆ... ஆ...ன்னு ஊரையே கூட்டுவாரு, கடைசில ஒண்ணும் வராது, கர்ச்சீப்பை மடிச்சு உள்ள வெச்சுப்பாரு. அதைப் பண்ணினா என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிப்பா. அதனால, அவளுக்கு ரெண்டு வயசிருக்கும்போது அவங்கம்மா, ஏங்க, புள்ள கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா, பயமா இருக்குன்னு அழுதப்போ, நான் புள்ள முன்னாடி உக்காந்து பூனை மாதிரி கத்தினேன். சிரிச்சா. பாத்தியா, உன் குரல்தான் அவளுக்குப் பிடிக்கலன்னு நக்கலடிச்சேன். அவ என் மூஞ்சி கோணுறதைப் பார்த்துச் சிரிச்சிருக்கா தம்பி. சத்தமாவது, ஒண்ணாவது.

அவங்கம்மா விடல. இங்கேயே கூட்டிட்டு வந்துட்டா. அப்போ வேற ஒரு மேடம் இருந்தாங்க, சின்னப் பொண்ணு, வேலைக்குப் புதுசு. அப்பா மடியில வெச்சுக்கங்க, ஆனா நீங்க சிலை மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க. நானா? சிலையா? மேஜை மேல ஒரு டப்பா, கொஞ்சம் மரமணி. ஸ்பீக்கர்ல சத்தம் வந்தா புள்ள ஒரு மணியை எடுத்து டப்பால போடணும். அவ்ளோதான் டெஸ்ட்டு.

போட்டாளாவா? நல்லாப் போட்டா. பதினாலு சத்தம், பதினோரு மணி. மேடம் ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மாமனார் வரைக்கும் காட்டி, உங்க பொண்ணுக்குத்தான் மூளை சரியில்லன்னு சிரிச்சேன். அவங்கம்மா அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. ரெண்டு வருஷம்.

ரெண்டு வருஷம் தம்பி. பேச்சு வர்ற வயசு அதுதானாம். போன வருஷம் வேற ஆஸ்பத்திரில தலையில வயர் ஒட்டி டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. பக்கத்துல லாரி ஹார்ன் அடிச்சாத்தான் இவளுக்குக் கொஞ்சம் கேக்குமாம்.

அவங்கம்மா அன்னைக்கே இங்க வந்து சண்டை. அந்தச் சின்னப் பொண்ணு, எனக்கு ஒண்ணும் புரியலைங்க, பாப்பா கரெக்டாத்தான் மணியைப் போட்டான்னு அழுதுச்சு. அந்த மேடம் மேல புகார் எழுதிக் குடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மேடம் இப்போ இங்க இல்ல. வீட்டுல அவங்கம்மா இன்னும் அந்தப் பொண்ணைத் திட்டுவா. நானும் கூடச் சேர்ந்து, அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுததைப் பண்ணிக் காட்டியிருக்கேன். நல்லாவே வரும் எனக்கு.

என்னத்துக்கு இதெல்லாம் உங்ககிட்ட சொல்றேன்னா, இப்பதான் பார்த்தேன். பாப்பாவுக்குப் பின்னாடி கையைத் தட்டினீங்க, கூடவே அவ இடுப்புல ஒரு விரல் வெச்சு அழுத்தினீங்க. அவ திரும்பினதும் உங்க மூஞ்சில வந்துச்சே ஒரு சந்தோஷம்... அது எனக்குத் தெரியும் தம்பி.

அன்னைக்கு அந்த மணி டெஸ்ட்டுல மொதல் மூணு சத்தத்துக்கு அவ மணியைத் தொடவே இல்ல. நாலாவதுக்கு நான் முழங்காலை லேசாத் தூக்கினேன், மடியில இருந்தவ ஒரு மணியைப் போட்டுட்டா. மேஜைக்கு அடியில யாருக்குத் தெரியப்போகுது? பதினோரு தடவை தூக்கினேன்.

இல்ல, அவங்கம்மாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

உங்க நம்பர்தான் கூப்பிடுறாங்க, மத்தவங்க வரல போல. போங்க. பாப்பாவை உள்ள இருக்குற மேடம் மடியிலயே உக்கார வெச்சுருங்க. நீங்க வெளிய நில்லுங்க.

ஐயோ, அங்க பாருங்க, பந்தை எடுத்துட்டா! எடுத்துட்டா தம்பி! அவங்கம்மா கண்ணாடி வழியா நம்மளைப் பார்த்துச் சிரிக்குறா. நீங்களும் கொஞ்சம் சிரிச்சுட்டுப் போங்க. நான் உங்களுக்கு ஹெட்மாஸ்டர் தும்மலைப் பண்ணிக் காட்டுறேன்னு அவ நெனைச்சுக்கட்டும்.