ரப்பர் செடிக்கு ஒரு பேஷியல்

…இல்ல, நீங்களே சொல்லுங்க, ஒரு செடி பத்தே நாள்ல இப்படி ஆகுமா? ஐயோ, வாயைத் திறக்காதீங்க! முகத்துல போட்ட பேக் காயறப்போ பேசினா கோடு விழும். முதல் தடவை நம்ம பார்லருக்கு வந்திருக்கீங்க, நான் பேசறதைக் கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. ஜன்னலோரம் நிக்குதே, அந்த ரப்பர் செடிதான். ஏழு இலையோட வந்துச்சு, இப்ப ரெண்டு. எங்க அக்காவோடது. இன்னைக்கு ஊர்லேர்ந்து வர்றா, நேரா இங்கதான் வர்றேன்னுட்டா.

ரெண்டு வருஷமா அவ என்கூடப் பேசல. பத்து நாள் முன்னாடி திடீர்னு தொட்டியோட வாசல்ல நிக்கிறா. "ஊருக்குப் போறேன். வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்து, மத்தபடி சும்மா விட்டுடு"ன்னா. அவ்ளோதான் பேச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தச் செடியைத் தாங்கு தாங்குன்னு தாங்கினேன்!

அப்படியும் இலை உதிருது. வெயிலைத் திட்டினேன், பக்கத்துக் கடை டெய்லரோட இஸ்திரிப் பெட்டியைத் திட்டினேன். கடைசியில தொட்டியைத் தூக்கிட்டு, செடி விக்கிறவர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டேன். மனுஷன் இலையைத் திருப்பி மோந்து பார்த்தார். "என்னம்மா, தேங்காயெண்ணெய் வாசனை அடிக்குது?"

அது வந்து… இலை மினுமினுன்னு இருக்கட்டுமேன்னு கொஞ்சம் தடவினேன். கொஞ்சம்னா… தினமும். மேலயும் கீழயும்.

இலைக்கு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்காம், அது வழியாத்தான் மூச்சாம். எல்லாத்தையும் அடைச்சுட்டேனாம். "தண்ணி?"ன்னார். காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒண்ணு, முகம் வாடினாப்புல இருந்தா சாயந்திரம் இன்னொண்ணுன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார். "வேரும் மூச்சு விடணும்மா, மண்ணுக்குள்ள காத்து வேணும். நீங்க முக்கியே வச்சிருக்கீங்க!"

நான் விடுவேனா? "தோல் மூச்சு விடணும்னு இருபது வருஷமா சொல்லித்தான் பேஷியல் பண்றேன், எனக்கே பாடமா?"ன்னேன். "தோலால மூச்சு விடறது மண்புழும்மா. தவளையும் கொஞ்சம் விடும். மீனுக்குச் செவுள், வெட்டுக்கிளிக்கு விலாப்பக்கம் வரிசையா ஓட்டை. மனுஷனுக்கு மூக்கு இருக்கு"ன்னார். பாருங்க, மண்புழுகிட்ட சொல்ல வேண்டியதை இத்தனை வருஷமா கஸ்டமர்கிட்ட சொல்லிட்டிருந்திருக்கேன்! சிரிக்காதீங்க, பேக் வெடிச்சிடும்!

எங்க விட்டேன்… ஆங், அக்கா. அவளுக்கு ஆபரேஷன் ஆனப்போ நாப்பது நாள் கூடவே இருந்தேங்க. அவ அலமாரியை அடுக்கினேன், திரைச்சீலையை மாத்தினேன், அவ போனை நான் எடுத்துப் பேசினேன். பார்க்க வந்த சிநேகிதிங்களை, "தூங்கறா"ன்னு வாசலோட திருப்பி அனுப்பினேன். அவ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னைச் சும்மா விடுடி"ன்னா. நன்றி கெட்டவள்னு நான் சொந்தக்காரங்ககிட்ட ஒருத்தர் விடாம சொன்னேன். அதோட பேச்சு நின்னுச்சு. இப்ப இந்தச் செடியைப் பார்க்கப் பார்க்க… நாப்பது நாள் அவ எப்படித்தான் உயிரோட இருந்தாளோ!

யார்கிட்டயும் சொல்லாதீங்க, இதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கி உள்ளே ஒளிச்சு வச்சிருக்கேன். மாத்தி வச்சுட்டா தெரியவா போ… ஐயையோ, கதவுகிட்ட யாரு? அக்கா!

வாக்கா. நீ ஒண்ணும் கேக்காத, நானே சொல்லிடறேன். செடியை நான்தான் கெடுத்தேன். எண்ணெய் தடவி, தண்ணி ஊத்தி… சும்மா விடத் தெரியலக்கா எனக்கு. உனக்கும் அப்படித்தான் பண்ணேன். உள்ள புதுசு ஒண்ணு இருக்கு, உன்னை ஏமாத்த வாங்கினது. என்னக்கா, செருப்பைக் கழட்டுற? அடிக்கவா, உள்ள வரவா?

…உக்காருக்கா. இங்க உக்காரு. நான் ஒண்ணும் பண்ணல. முதுகுக்கு ஒரு தலையணை மட்டும்… சரி, சரி. வைக்கல.