அமிர்தவள்ளி சாப்ட்ட மாத்திரை

அந்த மாத்திரைப் பேரு மட்டும் கேக்காத பில்கிஸு. வேற இன்னா வேணாலும் கேளு, சொல்றேன். ரெண்டு புள்ள பெத்த உடம்பு, கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அதுக்குப் போயி உன் வூட்டுக்காரர் குத்திக் காட்றாரா? பேஜார்தான். ஆனா மாத்திரை வேணாம்.

எளைக்காதுன்னு நான் சொல்லலியே. எங்க நாத்தனா அமிர்தவள்ளி ரெண்டே மாசத்துல பாதியா எளைச்சா. தெருவே பாத்துச்சு. நீ கல்யாணமாகி இங்க வர்றதுக்கு முன்ன, எழுபத்தெட்டுல. இப்ப சோளிங்கர்ல அவங்க அக்கா வூட்ல இருக்கா, அதான் நீ பாத்ததில்ல.

அப்ப அவளுக்கு இருபத்தாறு. தொண்ணூத்தாறு கிலோ. ஆனா ஷூ கம்பெனில அவ மிஷின் தைச்சா பாத்துட்டே நிக்கலாம். சூப்பர்வைசர் முக்தார் அகமது கஷ்டமான பீஸா பொறுக்கி அவகிட்டதான் குடுப்பாரு. படி ஏறினா மூச்சு வாங்கும், அவ்ளோதான். வர்ற மாப்ள வூட்டுக்காரங்க எல்லாம் அவ கையவா பாத்தாங்க? திருப்பத்தூர்லேர்ந்து வந்தவங்க காப்பிகூட குடிக்கல.

நாந்தான் வேலூருக்கு டாக்டர்கிட்ட கூட்டிம்போனேன். நல்ல டாக்டரு. பிரஷர் இப்பவே ஜாஸ்தி, இப்டியே வுட்டா சக்கரை வரும், நெஞ்சுக்கு ஆவாது, முட்டி தேஞ்சிரும்னாரு. சோத்தப் பாதியாக்கு, எண்ணெ கம்மி பண்ணு, காய் கீரை நெறைய சாப்டு, தெனம் ஒரு மணி நேரம் நட, மாசம் ரெண்டு கிலோ எறங்கும், ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னாரு. ரொம்ப குண்டானவங்களுக்கு வெளிநாட்ல குடல்ல ஆபரேஷன்கூட பண்றாங்களாம். உனக்கு அதெல்லாம் வேணாம்மான்னு சிரிச்சாரு.

செஞ்சா, பாவம். பஸ்ஸ வுட்டுட்டு கம்பெனிக்கு நடந்தே போனா. ரெண்டு மாசத்துல நாலு கிலோ எறங்குச்சு. அதுக்குள்ள குடியாத்தத்துல தறி வெச்சிருக்கறவங்க, தை மாசம் பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க மாமியாருக்கு ஒரே அவசரம். ஒரு வருஷம் யாரு காத்திருப்பா?

அப்பதான் மாத்திரை. காலைல ஒண்ணு போட்டா, பத்து நாள் கழிச்சு ரெண்டு, அப்பறம் மூணு. எளைச்சா பாரு, ரவிக்க எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. தூக்கம் போச்சு, கை நடுங்குச்சு. அவ்ளோ வருஷத்துல மொத மொதல்ல ஊசி வெரல்ல ஏறிடுச்சு. அண்ணி, நெஞ்சு தடதடன்னு அடிக்குதுன்னா. கொழுப்பு கரையுது, அப்டித்தான் இருக்கும்னேன்.

வந்தாங்க. புடிச்சுப்போச்சு, தட்டு மாத்திக்கிட்டாங்க. பத்தே நாளு. மிஷின்லேயே சாஞ்சுட்டா. நெஞ்சு தாறுமாறா அடிச்சு, ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போயிடுச்சாம். வாய் கோணிச்சு, வலது பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. வாயும் காலும் அப்பறம் தேறிடுச்சு. வலது கை விழுந்தது விழுந்ததுதான். கல்யாணமா? அதுக்கப்பறம் யாரு வந்தாங்க?

எந்த டாக்டர் குடுத்தார்னு கேக்கறியா? ம்... எந்த டாக்டரும் குடுக்கல பில்கிஸு. அது என் மாத்திரை. எனக்கு தைராய்டு சொரக்கலன்னு தெனம் ஒண்ணு சாப்பிடக் குடுத்தது. போட ஆரம்பிச்சதும் எனக்கு உடம்பு எறங்குச்சா, சரி அவளுக்கும் எறங்கட்டும்னு... வேலூர் டாக்டர் உனக்குன்னு எழுதிக் குடுத்தார்டின்னு நாந்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கலாம். ஆனா இருந்தது ஒரே ரூம்பு, அவளும் மாமியாரும் அதுல, நானும் அவரும் புள்ளைங்களும் சமையக்கட்டுல. அவ கட்டிக்கிட்டுப் போனா போதும்னு இருந்துச்சு எனக்கு.

ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு, எதாவது மாத்திரை சாப்ட்டாங்களான்னு. இல்ல சார்ன்னேன். மாமியார் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. அவளுக்கு அப்ப பேச்சு வரல, என்னையே பாத்துட்டிருந்தா. இருபது நாள் கழிச்சு பேச்சு வந்தப்ப அவளையே கேட்டாரு. என் மூஞ்சியப் பாத்துட்டு அவளும் இல்ல சார்னா.

எதுக்குச் சொன்னா? கேக்க எனக்கு தைரியம் வரல.

நீ நாளைக்கு வேலூருக்கு வா, நான் கூட வர்றேன். டாக்டர் சொல்றதக் கேட்டு மெதுவா எறக்கு.

அவளா? நல்லாத்தான் இருக்கா. தீபாவளிக்குப் போனேன். உக்காரவெச்சு சோறு போட்டா. இடது கையால போடறேன், தப்பா எடுத்துக்காத அண்ணின்னா.