சத்தம் வராத வண்டி

ஏசி போட்டால் எந்தக் காருக்கும் மைலேஜ் குறையும், அய்யா. எங்களுடையது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். லிட்டருக்கு இருபத்தாறு காட்டும். எங்கள் பனியன் கம்பெனிக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து அந்த எண்ணைக் காட்டுவேன். எனக்கு அதில் ஒரு கிறுக்கு. அண்ணன் சென்னிமலை நன்றாக நடமாடிய காலத்தில், ஏறியதும் ஏசியை முழுக்க வைத்துவிட்டு, "பெட்ரோலக் குடிச்சாக் குடிச்சுட்டுப் போவுது, போடா" என்று சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. ஒருமுறை ஓடும் காரில் இடது கையால் கதவைத் திறந்துவிட்டார். அதிலிருந்து பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி வைத்திருந்தேன். நல்லதற்குத்தான் செய்தேன்.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஆறுச்சாமியின் அம்மா இறந்துபோனார். ஆறுச்சாமி, என் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சேக்காளி. தானும் வருவேன் என்று அண்ணன் ஜாடையிலேயே அடம்பிடித்தார். ஆனால் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கையோடு எழவு வீட்டுக்குள் போகக் கூடாது. அவர் காரிலேயே இருக்கட்டும், நானும் அண்ணியும் போய்வருகிறோம் என்று முடிவாயிற்று.

நிழலையெல்லாம் மற்ற வண்டிகள் பிடித்திருந்தன. வெயிலில்தான் நிறுத்தினேன். அண்ணி இறங்கிப் போனார். நின்ற இடத்தில் ஏசி ஓடினால் பேட்டரி இறங்கும், இறங்கினால் எஞ்சின் தானாகக் கிளம்பிப் பெட்ரோல் குடிக்கும். ஓடாத தூரத்துக்கு எரிகிற பெட்ரோல். இருபத்தாறு சரிந்துவிடும். பட்டனை அமுக்கி வண்டியையே அணைத்தேன். கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. அண்ணன் என்னைப் பார்த்தார். மாலையைப் போட்டுவிட்டு உடனே வந்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

பந்தலில் ஒருவர், புது வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று கேட்டார். சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கை அறுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நடுவில் அண்ணி வந்து, "ஏனுங்க தம்பி, அவரு தனியா இருக்கறாரே, வெக்கையா இருக்காதுங்களா?" என்றார்.

"ஏசி போட்டுட்டுத்தானுங்க அண்ணி வந்தேன். அந்த வண்டில சத்தமே வராதுங்க."

அது பாதி உண்மை. ஏசி ஓடினாலும் பல நேரம் அது சத்தமில்லாமல்தான் நிற்கும். அண்ணி நம்பிவிட்டார்.

நான்தான் முதலில் திரும்பினேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அண்ணன் சாய்ந்து கிடந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூவி ஆளைக் கூப்பிட வாய் எடுத்தேன். அண்ணியிடம் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கி, ஏசியை முழுக்க வைத்தேன். அன்றைக்கு மைலேஜைப் பார்க்கவில்லை, அய்யா.

மாரடைப்பு என்றுதான் டாக்டர் எழுதினார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அண்ணி, "குளுகுளுன்னு உக்காந்தபடியே போயிட்டாருங்க, ஒரு கஷ்டமும் படலீங்க" என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகே ஆட்களைக் கூப்பிட்டேன். அதுவரை அண்ணனுக்கு மூச்சு இருந்தது.