நூற்றில் ஐந்து பேர்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் வைத்தால் அது கடகடவென்று சத்தம் போடும். என் அறையாயிற்றே, எனக்குத் தெரியும். இன்று விசாரிக்க வந்த நீங்கள் மூன்று பேரும் என் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் நோயாளியின் பக்கம். இந்த நாற்காலி இத்தனை தாழ்வு என்று இன்றுதான் உறைக்கிறது. உட்காருகிறவர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நானே சொல்லி வாங்கிப் போட்டதுதான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர்கள் பாவம், கத்தி பிடிக்கப் படித்தவர்கள், பேசப் படிக்கவில்லை. "இந்த ஆபரேஷன்ல நூத்துல அஞ்சு பேர் இறந்துடறாங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு வெலவெலத்துப்போனவர் என்னிடம் வருவார். நான் தண்ணீர் கொடுப்பேன். "நூத்துல தொண்ணூத்தஞ்சு பேர் தானா நடந்து வீட்டுக்குப் போறாங்க" என்பேன். அதே கணக்குதான். ஆனால் அவர் முகத்தில் ரத்தம் ஊறும், எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவார்.

கட்டில் காலியில்லாத நாட்களில் நிர்வாகத்திலிருந்து போன் வரும். "கொஞ்சம் நிதானமா யோசிக்கச் சொல்லுங்க." அன்றைக்கு நான் அந்த ஐந்து பேரைப் பற்றிப் பேசுவேன். வந்தவர்களும் யோசிக்க வீட்டுக்குப் போவார்கள். அதற்கெல்லாம் யாரும் விசாரணைக் குழு போடவில்லை. குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். கையால் உழைக்கிறவர், அதில் ஏகப்பட்ட கர்வம். என்னை வீட்டில் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார். அது பரவாயில்லை, பழகிப்போயிற்று. என் மகளின் கல்யாணப் பேச்சுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நான் நாலு வார்த்தை நல்லதாகப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் நடுவில் புகுந்து, "யாராச்சும் இந்த ரேடியோவை அணைங்கப்பா. வாயை வெச்சே பொழப்பை ஓட்டிட்டான்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அதற்காகத்தான் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமான ஆள் இல்லை நான்.

கொஞ்ச நாளில் அவருக்கு வயிற்றில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்தது. வெடிப்பதற்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா தேதியே குறித்துவிட்டார். அண்ணன் இந்த நாற்காலியில், இதோ இதே இடத்தில், வந்து உட்கார்ந்தார். பட்டறையில் இரும்பையே கடைந்தவர், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குடா" என்றார். "யாரா இருந்தாலும் பேசியே ஒத்துக்க வெச்சிடுவியாமே. எனக்கும் பேசுடா. இன்னிக்கு ரேடியோ எனக்காகப் பாடட்டும்."

கவனித்தீர்களா? அவர் கணக்குக் கேட்கவில்லை. யாராவது முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டால் போய்விடுவார், அதற்குத்தான் வந்திருந்தார். தொண்ணூற்றைந்து என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"அண்ணே, உங்ககிட்ட போய் நான் ஜாலம் பண்ண முடியுமா?" என்றேன். "உள்ளதைச் சொல்லிடறேன். நூத்துல அஞ்சு பேர் மேஜையிலிருந்து எழுந்திருக்கறதே இல்லை. இது உங்க உசுரு. நான் வற்புறுத்தக் கூடாது."

அதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா, சொல்லுங்கள். வற்புறுத்தக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. அந்த அறிவிப்பு இன்னும் உங்கள் தலைக்கு மேல்தான் தொங்குகிறது.

"நீயா இருந்தா என்னடா பண்ணுவே?" என்று கேட்டார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் தொழிலில் பெரிய பாடம். மூடிக்கொண்டேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ அணைந்திருந்தது. அவர் கேட்டபடியே.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்றார். நான் வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பட்டறையில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வயிற்றில் அந்தக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரமில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் தம்பி எதையும் மறைக்காம அவர்கிட்ட உள்ளதைச் சொன்னீங்க" என்று அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். இப்போது அண்ணி வீட்டில் எந்த முடிவு என்றாலும் என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

டாக்டரம்மா உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. "என்கிட்ட சரின்னு சொல்லிட்டுப் போனவர், உங்ககிட்ட வந்துட்டுப் போய் எப்படி வேணாம்னார்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபரேஷன் வேண்டாமென்று அண்ணன் இங்கிருந்து போனால் செத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று நீங்கள் கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆனால் கணக்கை எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் அது அதே கணக்குதானே. வார்த்தையால் யாரும் சாவதில்லை.

இந்த வீக்கம் குடும்பத்தில் ஓடும் என்று டாக்டரம்மா என்னையும் பரிசோதித்தார். எனக்கும் இருந்தது. இப்போது இல்லை, தழும்புதான் இருக்கிறது, சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் காட்டுகிறேன். அன்று அவர் வழக்கம்போல, "நூத்துல..." என்று ஆரம்பித்தார்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அதெல்லாம் வேணாம்மா. தேதியை மட்டும் சொல்லுங்க" என்றேன்.